மறுபடி டீச்சர்

பாறசாலையில் தொடங்கி நெய்யாற்றின்கரை வரைக்கும் உள்ள பள்ளிக்கூடங்களை எல்லாம் சல்லடை போட்டுச் சலித்தாலும், தன் வகுப்புக்குத் தானே ஃபெயில் மார்க் போட்டுக்கொண்ட இன்னொரு ஆசிரியர் கிடைக்கமாட்டார். பிள்ளைகளை ஃபெயிலாக்கியவர்கள் உண்டு. சக ஆசிரியர்களை ஃபெயிலாக்கியவர்கள் அதைவிட அதிகம். அவர்களுக்கென்று ஸ்டாஃப் ரூமில் ஜன்னலோரம் தனி மேஜையே கிடந்தது. ஆனால் தன்னைத்தானே, அதுவும் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று ஃபெயிலாக்கிக்கொண்டவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவரை மறுபடி டீச்சர் என்போம்.

எங்கள் பள்ளி தனுவச்சபுரத்துக்கும் செங்கலுக்கும் நடுவில் ஒரு ரப்பர் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. பெரும்பாலும் மலையாள வகுப்புகள். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு தமிழ் டிவிஷன், கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தக்காரர் மாதிரி, வராந்தாவின் கடைசியில் ஒதுங்கியிருக்கும். அந்தத் தமிழ் டிவிஷனுக்கு நான் சமூக அறிவியல். அவர் கணக்கு. மாற்றலாகி வந்த முதல் நாள் எட்டாம் வகுப்பில் பாடம் நடத்தி முடித்தார். மணி அடித்தது. பிள்ளைகள் பையைத் தூக்கினார்கள். அவர் சாக்பீஸ் பிடித்த கையை நீட்டி நிறுத்தினார்.

“மக்கா, கொஞ்சம் இருங்க. இன்னைக்கு நான் நடத்தினது எனக்கே பிடிக்கல்ல. நாளைக்கு மறுபடி நடத்துதேன்.”

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதுவரை அவர்கள் படித்ததுதான் யாருக்காவது பிடிக்காமல் போயிருக்கிறது. நடத்தியது நடத்தியவருக்கே பிடிக்கவில்லை என்பது புதுச் செய்தி. இதில் அடி உண்டா இல்லையா என்று தெரியாமல் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் அதே பாடம் வேறு வழியில் வந்தது. முடிந்ததும் அதே அறிவிப்பு. அந்த வாரம் முடிவதற்குள் பெயர் விழுந்துவிட்டது. மலையாள டிவிஷன் பிள்ளைகள் அதையே ‘வீண்டும் டீச்சர்’ ஆக்கிக்கொண்டார்கள். இரண்டு மொழியிலும் பட்டப்பெயர் வாங்கியவர் எங்கள் பள்ளியில் அவர் மட்டும்தான்.

வெளுத்த கைத்தறிச் சேலை, நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி, வெயிலோ மழையோ எதுவானாலும் விரிக்காமல் கையிலேயே சுமக்கும் குடை. நடக்கும்போது தனக்குத்தானே பேசுவார். செங்கலில்தான் வீடு. திங்கட்கிழமைகளில் மகேஸ்வரம் கோயிலைச் சுற்றி வரும்போது, “இல்ல, அந்த உதாரணம் வேண்டாம், பிள்ளையளுக்குக் குழம்பும்” என்று சொல்லிக்கொண்டே போவாராம். பின்னால் வந்தவர்கள், டீச்சர் சாமியிடம் ஏதோ தர்க்கம் பண்ணுகிறார் என்று வழிவிட்டு ஒதுங்கியிருக்கிறார்கள்.

ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வரும்போது எட்டாம் வகுப்பில் அவர் தனியாக இருப்பதைப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்து, தான் எழுதிவிட்டு வந்த கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். தலை சுற்றுகிறதோ என்று பதறி உள்ளே போனேன். அவர் என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். முட்டி மேஜையில் இடித்தது. என்ன தெரிகிறது என்று கேட்டார். போர்டு தெரிகிறது என்றேன்.

“எனக்குச் சாயாக்கடையாக்கும் தெரியுது,” என்றார்.

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். அந்த இடத்திலிருந்து பார்த்தால் ஜன்னல் வழியாக ரோட்டுக்கு அந்தப் பக்கத்துச் சாயாக்கடையின் எண்ணெய்ச் சட்டி முழுசாகத் தெரிந்தது. பழம்பொரி ஒவ்வொன்றாக மாவில் முங்கி எண்ணெயில் விழுந்து, பொன் நிறமாக மேலே வந்துகொண்டிருந்தது. மணம் வேறு. அந்தக் காட்சியை விட்டுவிட்டு வர்க்கமூலத்தைப் பார்க்க ஒரு பிள்ளைக்கு என்ன தலையெழுத்து என்று எனக்கே தோன்றியது. பின்பெஞ்சுப் பிள்ளைகளை மண்டூகங்கள் என்று ஸ்டாஃப் ரூமில் நாங்கள் சொல்லிவந்ததெல்லாம் பழம்பொரியின் வேலை என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அவர் சும்மா இருக்கவில்லை. சாயாக்கடைக்காரரிடம் போய், கணக்கு பீரியடில் மட்டும் பொரிக்காமல் இருக்க முடியுமா என்று கேட்டார். அந்த மனிதர் வெகு மரியாதையாக, பஸ் வரும் நேரத்துக்குத்தான் தன்னால் பொரிக்க முடியும், பாட நேரத்துக்குப் பொரிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். மறுநாள் நாங்கள் போய்ப் பார்த்தால் பெஞ்சுகள் எல்லாம் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தன. பிள்ளைகளின் முதுகு ஜன்னலுக்கு. முகம் வெறும் சுவருக்கு. அந்தப் பக்கம் கரும்பலகை கிடையாது என்பதால் டீச்சர் வெள்ளையடித்த சுவரில் கரித்துண்டால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஹெட்மாஸ்டர் எதற்கெடுத்தாலும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைப்பவர். அன்றைக்குக் கைக்குட்டை போதாமல் வேட்டி நுனி வரை போய்விட்டார். கடைசியில் கரும்பலகையைப் பெயர்த்து அந்தப் பக்கம் மாட்டினார்கள். அந்த வகுப்பில் அது இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

அப்புறம் செல்போன் விவகாரம். தன் வகுப்பைத் தானே ஒலிப்பதிவு செய்து, மதியம் ஸ்டாஃப் ரூமில் போட்டுக் கேட்டார். நாங்களும் சோற்றுப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு கேட்டோம். ஒரு வரி பாடம், உடனே “மனசிலாச்சா?”, உடனே பிள்ளைகள் கூட்டமாக “ஆச்சு.” அடுத்த வரி, “மனசிலாச்சா?”, “ஆச்சு.” கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பஜனை மடத்தில் இருப்பது போலவே இருந்தது. நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. கேட்டுவிட்டு மூச்சு விடக்கூட இடம் கொடுக்கவில்லை, பதிலையும் நானே அவர்கள் வாய்க்குள் வைத்துக் கேட்டிருக்கிறேன் என்று வருத்தப்பட்டார்.

மறுநாள் வகுப்பில் புதுச் சட்டம் வந்தது. தான் ‘மனசிலாச்சா’ என்று சொன்னால் பிள்ளைகள் உடனே மேஜையைத் தட்ட வேண்டும். எங்கள் இரண்டு வகுப்புக்கும் நடுவில் அப்போது சுவர் கிடையாது, மூங்கில் தட்டிதான். அந்தப் பக்கம் ஒரே செண்டைமேளம். இந்தப் பக்கம் நான் கடல்வழிப் பயணங்களை நடத்திக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளில் என் பிள்ளைகளும் மேஜையைத் தட்டத் தொடங்கினார்கள். எதற்கு என்று புரியாமல் முழித்தேன். அன்றைக்கு மதியம் டீச்சர் என் பக்கத்தில் வந்து, மிகவும் தயக்கத்துடன் விஷயத்தைச் சொன்னார்.

“சாரே, நீங்க ‘அதாவது’ன்னு சொல்லும்போ எல்லாம் பிள்ளையள் தட்டுதாவ. நான் தட்டிக்கு இப்பறம் நின்னு கேட்டேன். ‘அதாவது’ன்னு சொன்னதுக்குப் பிறகு நீங்க புதுசா ஒண்ணும் சொல்லல்ல.”

வேறு யாராவது சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும். அவர் முகத்தைப் பார்த்தால் கோபிக்க முடியாது. உங்கள் சட்டையில் ஒரு நூல் பிரிந்திருக்கிறது என்று சொல்கிற முகம் அது. அன்றிலிருந்து நான் அந்த வார்த்தையை விட்டேன். அதை விட்டபோதுதான் தெரிந்தது, என் பாடத்தில் கால்வாசி அதுதான். பீரியடில் நேரம் மிச்சமாகிவிட்டது. மிச்ச நேரத்தில் என்ன செய்வது என்று அவரிடமே போய்க் கேட்டேன். பிள்ளைகளைப் பேசச் சொல்லிப் பாருங்கள் என்றார். அதற்கு முன் எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

பஸ் கதையைச் சொல்லாமல் விட்டால் தனுவச்சபுரத்துக்காரர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். அரசு பஸ்ஸை எங்கள் பக்கத்தில் ஆனவண்டி என்பார்கள். ஒரு சாயங்காலம் காரோடு ஊருக்குப் போகும் பிள்ளைகள் எல்லாம் ஏறி வண்டி கிளம்பும் நேரம். எதிர்ப்பக்கம் செங்கல் பஸ்ஸுக்குக் காத்திருந்த டீச்சர் திடீரென்று நின்ற இடத்தில் நெற்றியில் தட்டிக்கொண்டு, ரோட்டைக் குறுக்கே கடந்து, நகர்ந்துகொண்டிருந்த ஆனவண்டியில் குடையோடு ஏறிவிட்டார். அன்றைக்கு அவர் சொன்ன ஒரு உதாரணம் தப்பாம். அது பிள்ளைகளின் தலையில் ஒரு ராத்திரி தங்கினால்கூட வேர் பிடித்துவிடும் என்று பயம். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே திருத்தம் சொல்லத் தொடங்கினார். கண்டக்டர் வந்து, டீச்சர் எங்கே போகணும் என்று கேட்டார்.

“இது இவங்களுக்கு மனசிலாவுறது வரைக்கும்,” என்றார் டீச்சர்.

கண்டக்டர் பிள்ளைகளின் முகங்களை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டு, கடைசி ஸ்டாப்புக்கே டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

இதெல்லாம் கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் ஒரே பாடத்தை மறுபடி மறுபடி நடத்தினால் மற்ற பாடங்கள் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்குமே, அது ஹெட்மாஸ்டருக்கும் தோன்றியது. அரைப் பரீட்சை வந்தபோது எட்டாம் வகுப்புத் தமிழ் டிவிஷன், கேள்வித்தாளில் பாதியைப் பார்த்ததே இல்லை. நடத்தியவற்றில் நன்றாக எழுதியிருந்தார்கள். நடத்தாதவற்றில் வெள்ளைத் தாள். அந்த வருடம் அதுவரை முக்கால்வாசி நாட்களை டீச்சர் ஒரே இடத்தில் செலவழித்திருந்தார். மைனஸும் மைனஸும் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது என்ற இடம் அது. நாம் எல்லோரும் அதை விதி என்று மனப்பாடம் செய்து தாண்டி வந்தவர்கள். அவருக்குத் தாண்ட மனசில்லை. கடன் கதை சொல்லிப் பார்த்தார், கிணற்று வாளியை வைத்துச் சொல்லிப் பார்த்தார், எண்களை ஏணி மாதிரி அடுக்கிப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் கடைசியில், இது சரியாக வரவில்லை, நாளைக்கு மறுபடி என்றார்.

பெற்றோர்கள் கொதித்தார்கள். தமிழ் டிவிஷனிலிருந்து பிள்ளைகளுக்கு டி.சி. வாங்கி இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது. இது விளையாட்டில்லை. எங்கள் டிவிஷனில் பிள்ளைகள் இனியும் குறைந்தால் டிவிஷனையே எடுத்துவிடுவார்கள். இந்த எல்லையோரத்தில் ஒரு தடவை மூடிய தமிழ் வகுப்பு மறுபடி திறந்ததை நான் பார்த்ததில்லை. எங்கள் வேலையும் அதோடு போகும்.

ஹெட்மாஸ்டர் பெற்றோர் கூட்டம் கூட்டினார். டீச்சரிடம் வெறும் ஒரு வரி சொன்னால் போதும் என்று கேட்டுக்கொண்டார். போர்ஷனை முடித்துத் தருகிறேன், அவ்வளவுதான். ஹாலுக்குப் போகும் வழியில் நானும் கெஞ்சினேன். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் எல்லாம் சரியாகும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள் டீச்சரே என்றேன். அவர் தலையை ஆட்டினார். அவர் தலையாட்டுவது எனக்குச் சொன்ன பதிலா, மனசுக்குள் ஓடும் கணக்குக்கா என்று எப்போதுமே கண்டுபிடிக்க முடியாது.

கூட்டத்தில் முதலில் எழுந்தவர் தங்கமணி. பாறசாலைச் சந்தையில் மூட்டைச் சுமடு எடுக்கிறவர். ஊர் காரோடு. எட்டாம் வகுப்பில் இருந்த ஜினியின் அப்பா. ஆறடி உயரம், அதற்கேற்ற குரல். மகளைப் படிக்கவைத்து ஒரு நர்ஸாக்க வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவர்.

“எங்க பிள்ளையள எதுக்கு ஒரே எடத்தில நிறுத்தி வச்சிருக்கிய டீச்சரே? மத்த பிள்ளையள் ஒக்க எங்கயோ போயிட்டு. எம் பிள்ள இன்னும் மைனஸில நிக்குது.”

பின்னாலிருந்து நாலைந்து பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஹெட்மாஸ்டர் டீச்சரைப் பார்த்தார். நான் டீச்சரைப் பார்த்தேன். ஒரு வரி. ஒரே ஒரு வரி.

டீச்சர் எழுந்தார். போர்ஷன் முடியாதது தன் தப்புதான் என்றார். பிறகு, அந்த இடத்தை நான் இன்னும் ஒழுங்காக நடத்தவில்லை, அதனால்தான் நிற்கிறேன், விதி என்று சொல்லித் தாண்டிவிட ஒரு நிமிஷம் போதும், ஆனால் நிறையப் பிள்ளைகள் கணக்கைக் கைவிடுவது அந்த ஒரு நிமிஷத்தில்தான் என்று சொன்னார். ஹெட்மாஸ்டரின் கைக்குட்டை வெளியே வந்தது.

தங்கமணி உட்காரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தப் பெரிய குரல் எங்கே போனது என்று தெரியாமல் பேசினார்.

“நான் பள்ளிக்கூடத்த விட்டது இந்த எடத்திலயாக்கும் டீச்சரே. எப்படி பிளஸ் ஆச்சுன்னு கேட்டதுக்கு அடி கிட்டிச்சு. மறுநாள் அப்பன்கூட சந்தைக்குப் போனவந்தான்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி நிமிர்ந்து அவரைப் பார்த்த பார்வையில், இந்தக் கதை வீட்டில்கூட இதுவரை சொல்லப்படவில்லை என்று தெரிந்தது.

டீச்சருக்குக் கண் கலங்கும், ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் பிரகாசமாகிவிட்டது. இத்தனை காலம் தேடிய ஆள் கிடைத்துவிட்டார் என்பது போல மேடையை விட்டு இறங்கி, பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, ஹால் தரையில் மேடையிலிருந்து வாசல் வரைக்கும் நீளமாக ஒரு கோடு போட்டார். நடுவில் ஒரு பூஜ்யம். வாசல் பக்கம் பிளஸ், மேடைப் பக்கம் மைனஸ்.

“நேத்துதான் எனக்கொரு வழி தோணிச்சு. நீங்க இஞ்ச வந்து நில்லுங்க. பிடி கிட்டல்லன்னா பிடி கிட்டல்லன்னு சொல்லணும். எனக்காக ஆச்சுன்னு சொல்லப்பிடாது.”

தங்கமணி செருப்பைக் கழற்றிவிட்டுப் பூஜ்யத்தில் வந்து நின்றார். டீச்சர் அவரை மைனஸ் பக்கம் பார்த்து நிற்கச் சொன்னார். நின்றார். அதுதான் முதல் மைனஸ் என்றார் டீச்சர். இப்போது முன்னால் நடக்காமல் பின்னால் நடக்க வேண்டும், அது இரண்டாவது மைனஸ். தங்கமணி மேடையைப் பார்த்தபடியே பின்னால் நடக்கத் தொடங்கினார். மூட்டை சுமந்து பழகிய நடை, நிற்காத நடை. பின்னால் நின்றிருந்த ஹெட்மாஸ்டர் ஒதுங்க இடமில்லாமல் தானும் பின்னால் நடந்தார். இருவரும் ஒருவர் பின் ஒருவராக, ஊர்வலத்தைத் திருப்பி ஓட்டின மாதிரி, ஹாலைக் கடந்து போனார்கள். ஹெட்மாஸ்டர் வாசல்படியில் தடுக்கி வராந்தாவுக்குப் போய்விட்டார். தங்கமணி வாசலில் நின்று குனிந்து தன் காலைப் பார்த்தார்.

“அப்பம் நான் பிளஸ்ஸிலயாக்கும் நிக்கேன்,” என்றார் மெதுவாக.

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். டீச்சர் மட்டும் சிரிக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடி கிட்டியதா என்று கேட்டார். தங்கமணி யோசித்தார். சொன்ன வாக்குக்குக் கட்டுப்பட்டவர் போல உண்மையைச் சொன்னார்.

“பாதி கிட்டிச்சு டீச்சரே. நடந்தது மனசிலாச்சு. அத எதுக்குப் பெருக்கல்ன்னு சொல்லுதிய, அது மனசிலாவல்ல.”

டீச்சர் தன் தலையில் கையை வைத்துக்கொண்டார். ஆமாம், அந்தப் பாதியைத்தான் நான் விட்டுவிட்டேன் என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு மறுபடி தொடங்கினார். இந்த முறை ஒரே அளவில் காலடி வைத்து, எத்தனை காலடி என்பதைப் பெருக்கலாக்கி நடக்கவைத்தார். மற்ற பெற்றோரும் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். குடையும் பையுமாகப் பெண்கள் வெட்கப்பட்டுப் பின்னால் நடந்தார்கள். கூட்டத்தின் தீர்மானம் என்ன என்று ஹெட்மாஸ்டர் கேட்டபோது யாருக்கும் அது நினைவில்லை. தங்கமணி கடைசியாக ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு, இப்போது கிட்டிவிட்டது என்றார். சத்தியமாகவா என்று டீச்சர் கேட்டார். எம் பிள்ளையாணை என்றார்.

இதோடு எல்லாம் சுபம் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அந்த மாதமே சில பிள்ளைகள் டி.சி. வாங்கிக்கொண்டு போனார்கள். ஆனால் ஜினி இருந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் இருந்தார்கள். டிவிஷன் எப்படியோ பிழைத்தது. விட்டுப்போன பாடங்களைச் சனிக்கிழமைகளில் முடித்துத் தருவதாக டீச்சர் ஒப்புக்கொண்டார். அந்தச் சனிக்கிழமைகளில் நானும் போய்ப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் தப்பித்துக்கொண்ட கணக்கை எல்லாம் அங்கேதான் படித்தேன். அவர் என் வகுப்பில் வந்து உட்கார்வார். முடிந்ததும் ரப்பர் தோட்டத்து ஓரமாக நடந்துகொண்டே, எந்த இடத்தில் பிள்ளைகளின் கண் அலைந்தது, எந்தக் கேள்விக்கு நான் பதில் வருமுன் அவசரப்பட்டேன் என்று பேசுவோம். வீட்டில் என் மனைவியிடம்கூட நான் அத்தனை மனம்விட்டு என் குறைகளைப் பேசியதில்லை. அங்கே பேச அவசியமும் இல்லை, அவளே சொல்லிவிடுவாள்.

ஜினி பத்தாம் வகுப்புக்கு வந்த வருடம் டீச்சர் ஓய்வு பெற்றார். படிப்பு விடுமுறைக்கு முந்தின நாள் கடைசி வகுப்பு. முடிந்ததும் வழக்கம் போலவே கையை நீட்டி நிறுத்தி, இன்றைக்குச் சரியாக வரவில்லை மக்கா, நாளைக்கு மறுபடி என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். சாயங்காலம் வழியனுப்பு விழா நடந்தது. பொன்னாடை, குத்துவிளக்கு, குரூப் போட்டோ. ஹெட்மாஸ்டர் பேசத் தொடங்கி, கழுத்தைத் துடைக்கப்போன கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

மறுநாள் காலையில் பரீட்சை ஹாலுக்கு நம்பர் ஒட்டுவதற்காக நான் பள்ளிக்குப் போனேன். விடுமுறை. ஆனால் பத்தாம் வகுப்பிலிருந்து சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தால் பெஞ்சுகள் நிறைந்திருந்தன. யாரும் கூப்பிடவில்லை, காரோட்டிலிருந்துகூட வந்திருந்தார்கள். டீச்சர் சொன்ன ‘நாளைக்கு’ அவர்களுக்கு விளையாட்டாகப் படவில்லை. கொஞ்ச நேரத்தில் டீச்சரும் குடையோடு வந்தார். அவருக்கும் அது விளையாட்டில்லை. விழா முடிந்த பிறகு வகுப்பெடுக்க விதி உண்டா என்று ஹெட்மாஸ்டரிடம் கேட்டேன். அவர், தெரியாது சார், எனக்குத் தெரியவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நானும் உட்கார்ந்தேன்.

அது போல ஒரு வகுப்பை நான் பார்த்ததில்லை. வட்டத்துக்கு வெளியிலிருந்து வரையும் தொடுகோடுதான் பாடம். அவர் கேட்டார், காத்திருந்தார். பிள்ளைகள் சொன்னார்கள், ஒருவரை ஒருவர் மறுத்தார்கள், எழுந்து வந்து வரைந்தார்கள். அவர் பேசியது மிகக் குறைவு. கடைசியில் விடையை அவர் சொல்லவே இல்லை. முன்பெஞ்சிலிருந்தும் பின்பெஞ்சிலிருந்தும் அது தானே எழுந்து வந்தது. முடிந்ததும் வகுப்பில் ஒரு நிம்மதி. யாரும் பையைத் தொடவில்லை. எல்லோரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை நீளவில்லை.

ஜினி எழுந்தாள். அப்பாவின் தோள் உயரம் வந்திருந்தது.

“டீச்சர், இன்னைக்கும் சரியாவல்ல. நாளைக்கு மறுபடி எடுங்க.”

டீச்சர் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தப்பு எங்காவது இருக்கிறதா என்று அவர் தேடுவது தெரிந்தது. இருந்துவிடக் கூடாதா என்று நான் வேண்டிக்கொண்டேன்.

“இல்ல மக்கா,” என்றார். “இன்னைக்குச் சரியாத்தான் இருந்தது.”

அவர் தனக்குத்தானே பாஸ் மார்க் போட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பிள்ளைகள் அழுதார்கள். அவர் கரும்பலகையை அழித்தார். அந்த மாதக் கடைசியில் மகன் வந்து பெங்களூருக்கு அழைத்துப் போய்விட்டான். செங்கல் வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று.

அவர் இடத்துக்கு வந்த இளம் ஆசிரியர் நல்லவர். போர்ஷனை ஜனவரியிலேயே முடித்துவிடுகிறார். எதையும் இரண்டாம் தடவை நடத்துவதில்லை. இப்போது எங்களுக்குப் பயிற்சிக் கூட்டங்களும் நடக்கின்றன. பெரிய திரையில் படம் காட்டி, உங்கள் கற்பித்தலை நீங்களே மதிப்பிடுங்கள் என்கிறார்கள். நாங்கள் வட்டமாக உட்கார்ந்து, எங்கள் வகுப்பு நன்றாகப் போகிறது என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டு, சாயாவும் வடையும் சாப்பிட்டுக் கலைகிறோம். அந்த வட்டத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால் என் கண் அங்கேதான் போகிறது.

ஜினி நெய்யாற்றின்கரையில் நர்சிங் படிக்கிறாள். தங்கமணியைச் சந்தையில் பார்த்தால், டீச்சர் போனில் விளிச்சாங்களா என்று முதலில் அதைத்தான் விசாரிப்பார்.

டீச்சர் வாரத்துக்கு ஒரு தடவையாவது போனில் கூப்பிடுவார். மகன் வீட்டில் எல்லாம் சௌகரியம், ஆனால் அடுக்குமாடியில் பேச ஆள் இல்லை என்பார். பிறகு, இன்னைக்கு உங்க வகுப்பு எப்படி சாரே என்று கேட்பார். நன்றாகப் போயிற்று என்று சொன்னால், சந்தோஷம், அப்பம் வச்சிருதேன் என்று சொல்லி வைத்துவிடுவார். சரியில்லை என்று சொன்னால், எந்த இடத்தில், யார் கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று அந்தக் குரல் துள்ளி எழும். பிறகு சாயங்காலம் முழுவதும் பேசிக்கொண்டிருக்கலாம்.

அதனால் இப்போதெல்லாம், எவ்வளவு நன்றாகப் போன வகுப்பையும் சரியில்லை என்றே சொல்லிவிடுகிறேன்.